ஸ்டாண்ட் மிக்சர் மக்கர் பண்ணுகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

தீபாவளிக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில், தென்னாப்பிரிக்காவின் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் பக்கம் பல வீட்டு அடுப்படிகளில் மாவு பிசையும் ஸ்டாண்ட் மிக்சருக்கு ஓய்வே இருக்காது. பிஸ்கட், நான்கட்டாய், பர்ஃபி, பன் என்று ஒன்று முடியும் முன் அடுத்தது ஏறும். மிக்சர் கெடுவதும் அந்த வாரங்களில்தான். ரிப்பேர் கடைக்குப் போனால் உங்களுக்கு முன்னால் ஒரு வரிசை நிற்கும்.

ஆனால் "மிக்சர் கெட்டுவிட்டது" என்று கொண்டுவரப்படும் பலவற்றில் இயந்திரத்தில் குறையே இருக்காது. மாவில் தண்ணீர் குறைவு, அளவு அதிகம், வேகம் தப்பு, வெப்பம் கூடுதல். இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். எனவே ஸ்க்ரூடிரைவரைத் தேடுவதற்கு முன் தராசைத் தேடுங்கள். கீழே மாவுச் சிக்கல்கள் முதலிலும் இயந்திரச் சிக்கல்கள் பிறகும் வருகின்றன. பார்க்க வேண்டிய வரிசையும் அதுவே.

மாவு கொக்கியில் சுற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது

அடிக்கடி வரும் புகார் இது. மாவு ஒரே உருண்டையாக, பிசையும் கொக்கியைப் பிடித்துக்கொண்டு அதோடு சேர்ந்து சுற்றும். பாத்திரத்தின் சுவரில் படாது. பிசைவதுபோல் தெரியும், ஆனால் பத்து நிமிடம் கழித்து எடுத்தாலும் நடுப்பகுதி முதலில் இருந்தபடியே கரடுமுரடாக இருக்கும்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள். 500 கிராம் பிரெட் மாவுக்கு 300 முதல் 325 கிராம் தண்ணீர், அதாவது 60–65 சதவீதம், என்பது வீட்டு மிக்சருக்கு வசதியான பதம். கப் கணக்கில் அளந்தால் மாவு அழுந்தி விழுந்து எளிதாக 50 கிராம் கூடிவிடும். அப்போதே நீங்கள் 55 சதவீதத்துக்கு இறங்கிவிட்டீர்கள். ஊரும் இதில் கைவைக்கும். டர்பன் கோடையில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் திறந்து வைத்த மாவு அதை இழுத்து வைத்திருக்கும். அதே செய்முறையை லெனேசியாவில் செய்தால், ஜோகன்னஸ்பர்க் குளிர்காலத்து வறண்ட காற்றில் 500 கிராமுக்கு இன்னும் 10–20 கிராம் தண்ணீர் கேட்கும். ஒரேயடியாக ஊற்றாமல் ஒவ்வொரு மேசைக்கரண்டியாகச் சேர்த்து, ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பார்த்து அடுத்ததை ஊற்றுங்கள்.

இரண்டாவது, அளவு. ஐந்து லிட்டர் பாத்திரத்தில் 300 கிராமுக்குக் குறைவான மாவைப் போட்டால் கொக்கிக்குப் பிடி கிடைக்காது. ஒரு கிலோவைப் போட்டால் கழுத்துவரை ஏறி, கொக்கி மாட்டும் தண்டுக்குள் புகுந்துவிடும். அங்கே காய்ந்த மாவைக் கிளறி எடுப்பது பெரும் பாடு.

மூன்றாவது, கொக்கியின் வடிவம். சாய்தலை மாடல்கள் (தலைப்பகுதியைப் பின்னால் சாய்த்துத் தூக்கும் வகை) பலவற்றில் வரும் 'சி' வடிவக் கொக்கி மாவை மேலே தூக்கும் இயல்புடையது. திருகாணிபோல் முறுக்கிய கொக்கி மாவைக் கீழே அமுக்கும். ஆனால் பாத்திரம் ஏறி இறங்கும் மாடலின் கொக்கியை வாங்கிச் சாய்தலை மாடலில் மாட்டப் பார்க்காதீர்கள். பெரும்பாலும் பொருந்தாது, பொருந்தினாலும் அடியில் இடிக்கும்.

செய்ய வேண்டியது: மாவையும் தண்ணீரையும் மட்டும் கொக்கியால் ஒரு நிமிடம் கலந்து, ஈரத்துணி மூடி 20 நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு உப்பும் ஈஸ்ட்டும் சேர்த்துப் பிசையுங்கள். அந்த 20 நிமிடத்தில் மாவு தண்ணீரை முழுதாகக் குடித்து, இழுபடும் தன்மை தானாகவே பாதி வந்துவிடும். பிசையும் நேரம் 10 நிமிடத்திலிருந்து 6 நிமிடமாகக் குறையும், மோட்டாருக்கும் பாரம் குறையும். பிறகும் ஏறினால், மிக்சரை நிறுத்தி எண்ணெய் தொட்ட கையால் கீழே தள்ளிவிடுங்கள். ஓடும்போது கரண்டியாலோ கையாலோ தள்ளுவது விரலை விலை பேசும் வேலை.

ரொட்டி, சமோசா மாவு 50 சதவீதத் தண்ணீரில் நிற்கும் கெட்டி மாவு. இதற்கு மிக்சர் வேண்டுமென்றால் ஒரு தடவைக்கு 400 கிராமுக்கு மேல் வேண்டாம். முருக்கு மாவைக் கையால் பிசைந்துவிடுவதே மேல்.

மோட்டார் சுடுகிறது, காந்தல் வாசனை வருகிறது

புது மிக்சரில் முதல் இரண்டு மூன்று தடவை லேசான வாசனை வருவது இயல்பு. தலைப்பகுதி வெதுவெதுப்பாவதும் இயல்பு. உள்ளங்கையை வைத்து ஐந்து நொடி தாங்க முடியாத சூடு என்றால் நிறுத்துங்கள்.

வேகத்தைப் பற்றி இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. "சீக்கிரம் முடியட்டும்" என்று 4, 5-ல் வைத்தால் கியர்களுக்கு அடி. "மெதுவாகப் போனால் நல்லது" என்று மிகக் குறைந்த வேகத்திலேயே கெட்டி மாவைப் பதினைந்து நிமிடம் ஓட்டினாலும் மோட்டார் சுடும். காரணம், உள்ளே குளிரூட்டும் விசிறி மோட்டார் தண்டிலேயே இருக்கிறது. மோட்டார் மெதுவாகச் சுற்றினால் காற்றும் குறைவு. கிச்சன்எய்டு நிறுவன மிக்சரில் ஈஸ்ட் மாவுக்கு வேகம் 2, அதற்கு மேல் கூடாது. கென்வுட் நிறுவன மிக்சரில் குறைந்த வேகத்தில் தொடங்கி 1-க்குக் கொண்டுவாருங்கள். ஒரே மூச்சில் 8–10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இரண்டாவது பிசைதலுக்கு முன் அரை மணி நேர ஓய்வு.

சூட்டில் தானாக நின்றுவிட்டால் கெட்டுவிட்டது என்று பதறாதீர்கள். வெப்பக் காப்பு உள்ள மாடல் அப்படித்தான் செய்யும். வேகத்தைப் பூஜ்யத்தில் வைத்து, பிளக்கைக் கழற்றி, மாவில் பாதியை எடுத்துவிட்டு, 30 முதல் 60 நிமிடம் கழித்துப் போடுங்கள். இந்தக் காப்பு எல்லா மாடலிலும் இல்லை. பழையவற்றில் உங்கள் உள்ளங்கைதான் காப்பு.

மாவும் சுடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பிசைந்து முடிக்கும்போது பிரெட் மாவு 24–26 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். 30 தாண்டினால் ஈஸ்ட் அவசரப்பட்டுப் பொங்கும், மாவு ஒட்டும், சுவையும் புளிக்கும். தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சி வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு:

வேண்டிய மாவு வெப்பம் × 3, அதிலிருந்து மாவின் வெப்பம், அறை வெப்பம், உரசல் வெப்பம் (பிசையும்போது உரசலால் மாவில் ஏறும் சூடு) மூன்றையும் கழியுங்கள்.

ஜனவரி மாதத்து டர்பன் அடுப்படியை எடுத்துக்கொள்வோம். 25 × 3 = 75. மாவு 28, அறை 29, உரசலுக்குச் சுமார் 12 கழித்தால் 6 வரும். அதாவது குழாய்த் தண்ணீர் இல்லை, ஃபிரிட்ஜ் தண்ணீர். "வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள்" என்று குளிர்நாட்டுச் செய்முறை சொல்வதை இங்கே கோடையில் கேட்டால் அவ்வளவுதான். உரசல் வெப்பம் மிக்சருக்கு மிக்சர் மாறும். ஒரு தடவை தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து உங்கள் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தலை ஆடுகிறது, மிக்சர் மேசையில் நடக்கிறது

கெட்டி மாவில் சாய்தலை கொஞ்சம் துள்ளும். பூட்டு நெம்புகோல் போட்டும் தட்தட்டென்று குதித்தால், கழுத்தில் கீல் ஊசியைப் பிடித்திருக்கும் சிறு திருகு தளர்ந்திருக்கும். ஊசி பக்கவாட்டில் வெளியே எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள். ஊசியை உள்ளே தள்ளி, திருகை இறுக்குங்கள். ஒரு நிமிட வேலை. இதை விட்டுவிட்டால் பீட்டர், அதாவது கலக்கும் தட்டைத் துடுப்பு, பாத்திரத்தில் இடித்துப் பூச்சு உரியும்.

நடக்கும் மிக்சருக்கு முதல் சந்தேகம் ரப்பர் பாதத்தில் படிந்த மாவுப்பொடி. ஈரத்துணியால் துடையுங்கள். அம்மா காலத்துக் கென்வுட் செஃப் என்றால், ரப்பர் பாதமே உருகிக் கறுப்புப் பசையாகி மேசையில் ஒட்டும். அது அந்த மாடல்களின் வயதுக் கோளாறு. பாதங்கள் தனியாகக் கிடைக்கின்றன. கெட்டி மாவு ஓடும்போது மட்டும் எந்த மிக்சரையும் தனியே விட்டு அடுத்த அறைக்குப் போகாதீர்கள்.

அடியில் மாவு கலக்காமல் நிற்கிறது, அல்லது பீட்டர் பாத்திரத்தில் உரசுகிறது

இரண்டுக்கும் ஒரே காரணம்: உயரம் சரியில்லை. காலிப் பாத்திரத்தில் ஒரு சின்னப் பத்து சென்ட் நாணயத்தைப் போட்டு, தட்டைப் பீட்டரை மாட்டி, மெதுவான வேகத்தில் ஓட்டுங்கள். பீட்டர் ஒவ்வொரு சுற்றிலும் நாணயத்தைத் தொட்டு ஒரு சென்டிமீட்டர் அளவு நகர்த்த வேண்டும். தொடவே இல்லையென்றால் உயரம் அதிகம். நாணயம் பீட்டரோடு சேர்ந்து ஓயாமல் ஓடினால் தாழ்வு அதிகம்.

கிச்சன்எய்டு சாய்தலையில், தலையைத் தூக்கினால் கழுத்தின் இணைப்பில் ஒரு திருகு தெரியும். வலப்பக்கம் திருகினால் பீட்டர் இறங்கும், இடப்பக்கம் திருகினால் ஏறும். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாமல், மறுபடி நாணயத்தைப் போட்டுப் பாருங்கள். கென்வுட்டில் சரிசெய்யும் இடம் தலையில் இல்லை, பீட்டரின் தண்டில் இருக்கிறது. கூடவே வரும் ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தி, தண்டைக் கொஞ்சம் திருப்பி, நட்டை இறுக்க வேண்டும். அந்த ஸ்பேனரை எந்த இழுப்பறையில் போட்டோம் என்பதுதான் பெரிய கேள்வி.

வெண்ணெயும் சீனியும் வெளுத்து உப்பவில்லை

வெண்ணெய் 18–20 டிகிரியில் இருந்தால்தான் சீனிப் பரல்கள் காற்றைக் குத்தி உள்ளே வைக்க முடியும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய்ப் பளபளப்பு ஏறக்கூடாது. "அறை வெப்பத்தில் வெண்ணெய்" என்று எழுதியிருப்பதை நம்பி டர்பன் டிசம்பரில் காலை முதல் வெளியே வைத்தால் அது எண்ணெய். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துத் துண்டு போட்டு, 15–20 நிமிடம் போதும். தட்டைப் பீட்டர், நடுத்தர வேகம், 3 முதல் 5 நிமிடம், நடுவில் ஒரு தடவை பாத்திரத்தை வழித்துவிடுங்கள். ஏற்கெனவே இளகிப்போயிருந்தால் பாத்திரத்தோடு பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்துத் திரும்ப அடிக்கலாம்.

இங்கே பாக்கெட்டில் 'கேக் ஃப்ளவர்' என்று வருவது நம்மூர் சாதாரண மைதாவுக்குப் பக்கத்தில் நிற்பது. அமெரிக்கச் செய்முறைகள் அதே பெயரில் கேட்பது அதைவிடப் புரதம் குறைந்த வேறு மாவு. அந்தச் செய்முறைகளில் கேக் கெட்டியாக வந்தால் பழி மிக்சரின் மேல் விழுகிறது. மாவு சேர்த்தபின் குறைந்த வேகத்தில் 20–30 நொடிக்கு மேல் ஓட்டாதீர்கள்.

முட்டை வெள்ளை நுரைக்கவில்லை

பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு, அல்லது ஒரு துளி மஞ்சள் கரு. எலுமிச்சைத் தோலால் பாத்திரத்தையும் விஸ்க்கையும் (நுரைக்க அடிக்கும் கம்பிக்கூண்டு) துடைத்து, காயவிட்டுத் தொடங்குங்கள். ஒரே ஒரு வெள்ளை என்றால் பெரிய பாத்திரத்தில் விஸ்க்குக்கு எட்டாது. இரண்டு மூன்றாவது வேண்டும், அல்லது கையால் அடியுங்கள். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் அடித்த நுரை அடுப்பில் அளவுக்கு மீறி விரிந்து, பிறகு உட்காரும். முனை விறைத்து நிற்கும் வரை அடிக்காமல், முனை வளைந்து சாயும்போதே நிறுத்துங்கள்.

பர்ஃபிக்குப் பால்பவுடர் பிசிறும்போது புகைபோலப் பறக்கிறது

500 கிராம் பால்பவுடரில் ஒரு டின் டெசர்ட் கிரீமைச் சேர்த்துப் பிசிறும் வேலைக்கு மிக்சர் நன்றாக உதவும். ஆனால் விஸ்க்கைப் போடாதீர்கள், கம்பி வளைந்துவிடும். தட்டைப் பீட்டர், மிகக் குறைந்த வேகம். கிரீமை நான்கு தடவையாகச் சேருங்கள். மணல் மணலாக உதிரும் பதம் இரண்டு மூன்று நிமிடத்தில் வரும். அதைத் தாண்டி ஓட்டினால் பசையாகிக் கட்டி விழும். பாத்திரத்தின் மேல் ஈரத்துணி சுற்றிப் பிடியுங்கள். பறக்கும் தூள் மோட்டாரின் காற்றுத் துளைகளில் போய் அடைந்தால், அடுத்த மாதம் "ஏன் சுடுகிறது" என்று கேட்பீர்கள். காற்றுத் துளைகளைத் துணியால் மூடிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பீட்டரில் சாம்பல் நிறம் ஒட்டுகிறது

பளபளப்பான அலுமினியப் பீட்டரைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டதன் பலன். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்துத் தேய்த்தால் போகும். இனிமேல் கையால் கழுவி உடனே துடைத்து வையுங்கள்.

தண்டிலிருந்து எண்ணெய் சொட்டுகிறது

கியர் கிரீஸிலிருந்து எண்ணெய் பிரிந்து இறங்குகிறது. நெடுநாள் ஓட்டாமல் வைத்த மிக்சரிலும் வெப்பமான அடுப்படியிலும் இது வரும். துடைத்துவிட்டு, காலியாக ஒவ்வொரு வேகத்திலும் இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். கிரீஸ் மறுபடி கலந்தால் நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் கிரீஸ் மாற்ற வேண்டும். உணவுத்தரக் கிரீஸ், தடிமன் எண் 2, சாய்தலை மாடலுக்கு ஏறக்குறைய 120–150 கிராம். பழையதை முழுக்க வழித்தெடுத்தபின் புதியதைப் பூசுங்கள். மேலே பூசினால் இரண்டும் கலந்து நீர்த்துவிடும். வண்டிக் கிரீஸ் வேண்டவே வேண்டாம், சொட்டுவது கேக்கில்.

மோட்டார் ஓடும் சத்தம் வருகிறது, பீட்டர் சுற்றவில்லை

கிச்சன்எய்டில் ஒரு கியர் வேண்டுமென்றே மெத்தென்ற உலோகத்தில் செய்யப்பட்டது. பாரம் மிஞ்சினால் மோட்டார் எரிவதற்குப் பதில் அதன் பல் தேயும். கரகரவென்ற சத்தத்தோடு நின்றால் பெரும்பாலும் அதுதான். அந்த ஒரு கியரும் புதுக் கிரீஸும் போதும், மிக்சரைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. கென்வுட்டில் பெல்ட். வழுக்கினால் கீச்சென்று கத்தும், அறுந்தால் மோட்டார் மட்டும் சுகமாகச் சுற்றும்.

சுவிட்ச் போட்டும் அசைவே இல்லை

வரிசையாகப் பாருங்கள். அதே சாக்கெட்டில் வேறு பொருளைச் செருகிப் பாருங்கள். கெட்டிலும் மிக்சரும் ஒரே மல்டிபிளக்கில் இருந்தால் பிரித்துவிடுங்கள். தலை முழுதாகப் பூட்டியிருக்கிறதா பாருங்கள். பல மாடல்கள் பூட்டாமல் ஓடாது. கென்வுட்டில் மின்சாரம் போய் வந்திருந்தால் வேகக் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பித்தான் மறுபடி போட வேண்டும்.

மிக்சரைப் போட்டதும் வீட்டின் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் விழுகிறது என்றால் மின்சாரம் உடலுக்குக் கசிகிறது. திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டுப் பார்க்காதீர்கள், நேரே எலக்ட்ரீஷியனிடம்.

விட்டு விட்டு ஓடினால், அல்லது தட்டினால் ஓடினால், கார்பன் பிரஷ். கிச்சன்எய்டு சாய்தலையில் தலையின் இரு பக்கமும் ஒரு மூடி இருக்கும். பிளக்கைக் கழற்றி, தட்டை ஸ்க்ரூடிரைவரால் திறந்தால் ஸ்பிரிங்கோடு கரித்துண்டு வரும். சுமார் 6 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பழையதையே திரும்பப் போடுவதானால், வளைந்த முகம் எந்தப் பக்கம் பார்த்ததோ அப்படியே போடுங்கள்.

பழைய கென்வுட் திடீரென்று வெண்புகை கக்கி, மீன் வாசனை அடித்தால் கட்டுப்பாட்டுப் பலகையின் கெபாசிட்டர் வெடித்திருக்கும். மோட்டார் பெரும்பாலும் பிழைத்திருக்கும். சில சிறு பாகங்கள் கொண்ட பழுதுபார்க்கும் தொகுப்பு போதும். ஆனால் கெபாசிட்டர் பிளக்கைக் கழற்றிய பின்னும் மின்னேற்றம் வைத்திருக்கும் என்பதால் பழக்கமில்லாதவர் தொட வேண்டாம்.

லோட்ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) நேரத்தில் நடுவே நின்றால், குமிழைப் பூஜ்யத்தில் வைத்து பிளக்கையும் கழற்றுங்கள். மின்சாரம் திரும்பும்போது வரும் அதிர்ச்சி எலக்ட்ரானிக் பலகைக்கு ஆகாது. பாதி பிசைந்த மாவு வீணாகாது. மூடி வையுங்கள், அரை மணிக்கு ஒரு தடவை கையால் மடித்துவிடுங்கள். இன்வர்ட்டரில் ஓட்டுவதானால் தூய சைன் அலை தரும் இன்வர்ட்டராக இருக்கட்டும். மலிவான சதுர அலை இன்வர்ட்டரில் வேகக் கட்டுப்பாடு தடுமாறி, மோட்டார் உறுமிச் சூடாகும்.

அமெரிக்கா, கனடா உறவினர் கொண்டுவந்த மிக்சரா? அடித்தகட்டில் 120 வோல்ட் என்று இருந்தால் பிளக்கை மட்டும் மாற்றிச் செருகாதீர்கள். இங்கே 230 வோல்ட். ஒரு நொடியில் முடிந்துவிடும். 300 வாட் மிக்சருக்கு 750 வி.ஏ.க்கு (வோல்ட்-ஆம்பியர்) குறையாத டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதன் விலையையும் எடையையும் பார்த்தால் அன்பளிப்பு அவ்வளவு இலவசமில்லை.

சரிசெய்யவா, புதிதா?

பிரஷ், பெல்ட், கியர், பாதம் என்றால் சரிசெய்யுங்கள். மோட்டார் சுருள் எரிந்திருந்தால் வேண்டாம்.

வாங்கும்போது பெட்டியில் உள்ள வாட் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். அது மிக்சர் இழுக்கும் மின்சாரம், கொக்கிக்குப் போய்ச்சேரும் பலம் இல்லை. 300 வாட் கிச்சன்எய்டு செய்யும் வேலையை ஆயிரம் வாட் போட்ட மலிவு மிக்சர் திணறித் திணறிச் செய்வதுண்டு. கேட்க வேண்டியது இரண்டு: எத்தனை கிராம் மாவு வரை பிசையலாம் என்று கையேடு சொல்கிறது, கியர் உலோகமா பிளாஸ்டிக்கா. கையேடு சொல்வதில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் கெட்டி மாவுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். வாரம் ஒரு கேக், எப்போதாவது பன் என்றால் சாய்தலை போதும். வாரம் மூன்று நான்கு தடவை ஒரு கிலோ பிரெட் மாவு என்றால் பாத்திரம் ஏறி இறங்கும் மாடலுக்குப் போங்கள்.

பழையதை வாங்கினால், விற்பவர் வீட்டிலேயே செருகி, காலியாக ஐந்து நிமிடம் ஒவ்வொரு வேகத்திலும் ஓட்டிக் கேளுங்கள். சத்தம் சீராக ஏற வேண்டும், நடுவில் டக் டக் வரக்கூடாது. பிறகு 500 கிராம் மாவும் 300 கிராம் தண்ணீரும் கையோடு கொண்டுபோய், அங்கேயே ஐந்து நிமிடம் பிசையக் கேளுங்கள். காலியாக ஓடும்போது நல்ல பெயர் வாங்கும் மிக்சர், மாவைக் கண்டதும் தன் குணத்தைக் காட்டும். சம்மதிக்காதவரிடம் வாங்க வேண்டாம்.